நிறத்துக்காகப் பிறக்கும் மீன்கள்: மரபணு மாற்றிய வளர்ப்பு மீன்களும் செனாவாங் ஓடைகளும்

கண்ணுக்கு அழகாக இருக்கவேண்டும் என்பதற்காக ஓர் உயிரின் உடலை மாற்றலாமா? இந்தக் கேள்விக்கு வயது அதிகம். சோங் வம்சத்துச் சீனாவில் குளத்துக் கெண்டையிலிருந்து தங்கமீன் உருவான காலத்திலேயே, சொல்லாமலே இதற்கு ஒரு விடை கொடுக்கப்பட்டுவிட்டது. சப்பானின் நீகாத்தா மலைக் கிராமங்களில் 19-ஆம் நூற்றாண்டில் வண்ணக் கெண்டைகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்தவர்களும் அதே விடையைத்தான் தந்தார்கள். மலேசியாவில் 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கண்டத்துச் சிக்லிட் மீன்களைக் கலந்து, நெற்றி புடைத்த லுவோஹான் மீனை உருவாக்கினார்கள். அதன் உடற்புள்ளிகளில் எண்களைத் தேடி நான்கு நம்பர் எடுத்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அன்று மாற்றுவது சரியா என்று கேட்டவர்கள் சிலரே.

1999-க்குப் பிறகு அந்தக் கேள்வி வெளிப்படையாக எழுந்தது. அதுவரை மனிதர் செய்தது, மீனுக்குள் ஏற்கெனவே இருந்த வேறுபாடுகளில் பிடித்ததைத் தேர்ந்து பெருக்குவதும், இனம்விட்டு இனம் கலப்பதுமே. இப்போது கடலில் வாழும் ஜெல்லிமீனின் மரபணு நன்னீர் மீனின் தசைக்குள் போய்விட்டது. இதை வீட்டுத் தொட்டியில் வைத்து வளர்ப்பது சரியா என்பதற்குக் கடந்த கால் நூற்றாண்டில் பல திசைகளிலிருந்து விடைகள் வந்துள்ளன. அவற்றைச் செனாவாங் போன்ற ஓர் ஊரில் நின்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். பால்மரத் தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிய, ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான நீர் ஓடும் நெகிரி செம்பிலான் மண்ணில் இந்த விவாதத்தின் எடை சற்று இடம் மாறுகிறது.

ஆய்வகத்திலிருந்து கடைக்கு

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கோங் ஷியுவான் தலைமையிலான குழு, ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரத்துக்கான மரபணுவை வரிக்குதிரை மீனின் கருமுட்டையில் செலுத்தியது. நீர் மாசுபட்டால் நிறம் காட்டி எச்சரிக்கும் மீன் ஒன்றை உருவாக்குவதே அவர்களின் நீண்டகாலக் குறி. தசை முழுதும் நிறம் ஏறிய மீன்கள் இடையில் கிடைத்த விளைவு. டெக்சாஸைச் சேர்ந்த யார்க்டவுன் டெக்னாலஜிஸ் நிறுவனம் உரிமம் பெற்று, 2003 இறுதியில் குளோஃபிஷ் என்ற வணிகப் பெயரில் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தைவானில் தைகோங் நிறுவனம் ஒளிரும் மெடாக்கா மீன்களை அதே ஆண்டில் விற்றது. பிறகு கறுப்புப் பாவாடை டெட்ரா, புலிப் பார்ப், ரெயின்போ சுறா, சண்டை மீன் எனப் பட்டியல் நீண்டது. 2017-இல் குளோஃபிஷ் வணிகத்தை ஸ்பெக்ட்ரம் பிராண்ட்ஸ் வாங்கியது.

இம்மீன்களைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் பரவியுள்ளன. முதலாவது, அவை இருட்டில் தாமாக ஒளிவிடும் என்பது. உண்மையில் நீல ஒளியையோ புற ஊதா ஒளியையோ வாங்கி வேறு நிறமாகத் திருப்பித் தருகின்றன. விளக்கை அணைத்தால் ஒளிர்வும் நின்றுவிடும். இரண்டாவது, ஒவ்வொரு மீனுக்கும் சாய ஊசி போடப்படுகிறது என்பது. சாயம் ஏற்றிய கண்ணாடி மீன்கள் வேறு கதை. அவற்றுக்கு உயிரோடு ஊசி குத்தப்பட்டது; நோய் தொற்றியது; சில மாதங்களில் நிறமும் கரைந்தது. அந்தக் கொடுமைக்கு எதிராகப் பிரிட்டனில் 1990-களில் மீன் வளர்ப்போர் இதழொன்று இயக்கமே நடத்தியது. மரபணு மாற்றிய மீன் பிறவியிலேயே நிறத்தோடு பிறக்கிறது. ஊசி என்பது பல தலைமுறைக்கு முன், ஒரு முட்டையில் நடந்த செயல். ஆகவே, சாய மீனுக்கு எதிரான வாதத்தை அப்படியே எடுத்து இதன்மேல் வைக்க முடியாது.

மீனின் நலன்

நன்மை தீமையை எடைபோடும் மரபு கேட்கும் முதல் கேள்வி, இந்த மீன் துன்பப்படுகிறதா என்பது. பீட்டர் சிங்கர் 1975-இல் ‘விலங்கு விடுதலை’ நூலை வெளியிட்டபோது மீனின் வலி பெரும்பாலும் அனுமானமாக இருந்தது. 2003-இல் லின் ஸ்னெடன் குழு, வானவில் டிரவுட் மீனின் உதட்டில் அமிலமும் தேனீ நஞ்சும் செலுத்தியபோது அவை உணவைத் தவிர்த்ததையும் உதட்டைக் கற்களில் தேய்த்ததையும் பதிவுசெய்தது. மூளைப் புறணி இல்லாத உயிரால் வலியை உணர முடியாது என்று ஜேம்ஸ் ரோஸும் பிற்காலத்தில் பிரையன் கீயும் மறுத்தார்கள். சர்ச்சை முழுதும் ஓயவில்லை. ஆனாலும் ஐயத்தின் பலனை மீனுக்கே கொடுக்கவேண்டும் என்ற பக்கம் இன்று வலுவாக உள்ளது.

ஒளிர்புரத்தால் மீனுக்கு நேரடித் துன்பம் உண்டு என்று காட்டும் தெளிவான சான்று குறைவு. ஒளிரும் வரிக்குதிரை மீன்கள் சாதாரண மீன்களைப் போலவே கூட்டம் சேர்கின்றன என்று நடத்தை ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்த வாதத்தை நேர்மையாகப் பின்பற்றினால் அது எதிர்பாராத இடத்தில் கொண்டுபோய் விடும். கண்ணுக்குக் கீழே நீர்ப்பைகள் தொங்க, சரியாக நீந்தவும் பார்க்கவும் முடியாமல் திணறும் குமிழ்க்கண் தங்கமீனும், வாயைச் சரியாக மூட முடியாத ரத்தக்கிளி மீனும் எந்த மரபணு ஆய்வகத்தையும் கண்டதில்லை. உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் குவளையில் நாட்களைக் கழிக்கும் சண்டை மீனும் அப்படியே. நலனை மட்டும் அளவுகோலாக வைத்தால், நம் கடைகளில் முதலில் கேள்வி கேட்கப்படவேண்டியவை இவைதான்.

இந்தப் பார்வையின் பலவீனமும் இங்கேயே உள்ளது. துன்பம் இல்லையென்றால் எதையும் செய்யலாம் என்று அது சொல்வதுபோல் ஆகிவிடுகிறது.

இயல்பு, முழுமை

அந்த இடைவெளியை நிரப்ப வந்தவை இரண்டு கருத்துகள். அமெரிக்க மெய்யியலாளர் பெர்னார்ட் ரோலின், அரிஸ்டாட்டிலிடமிருந்து எடுத்து, ஒவ்வொரு விலங்குக்கும் அதற்கே உரிய இயல்பு உண்டு என்றார். பன்றியின் பன்றித்தன்மையை மதிக்காத கொட்டில் தவறானது. ஆனால், இயல்பை மாற்றவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. மாற்றப்பட்ட விலங்கு அதன் பெற்றோரைவிட மோசமான நிலைக்குப் போகக்கூடாது என்பதே அவர் விதித்த எல்லை. ஒளிரும் மீன் அந்த எல்லைக்குள் அடங்கும் என்று வாதிடலாம்.

நெதர்லாந்து இன்னும் கடுமையான வழியில் போனது. மரபணு மாற்றிய காளையான ஹெர்மன் 1990-இல் பிறந்தபோது அங்கே எழுந்த பொதுவிவாதம், விலங்கு உயிரித்தொழில்நுட்பத்துக்கு ‘கூடாது, தக்க காரணம் இருந்தால் ஒழிய’ என்ற கொள்கையாகச் சட்டத்தில் ஏறியது. அதன் பின்னணியில் வளர்ந்த கருத்துதான் விலங்கின் முழுமை. வலித்தாலும் வலிக்காவிட்டாலும், ஓர் உயிரின் உடலை நம் வசதிக்காகக் கலைப்பதே ஒரு மீறல் என்பது அதன் சாரம். 2006-இல் அந்நாட்டு மீன்கடைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒளிரும் மீன்கள் பிடிபட்டன.

முழுமை என்ற கருத்து நம் உள்ளுணர்வுக்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் அதை எங்கே நிறுத்துவது என்பது தெளிவாக இல்லை. மரபணுவைச் செருகுவது மீறல் என்றால், ஆயிரம் ஆண்டுத் தேர்வு வளர்ப்பால் உருக்குலைந்த தங்கமீன் எந்தக் கணக்கு? விரைவு வேறு, வழி வேறு, ஆனால் முடிவு ஒத்ததே. பெர்னிஸ் போவென்கெர்க்கும் உடனாசிரியர்களும் 2002-இல் இந்தச் சிக்கலை ஆராய்ந்தார்கள். முழுமையை அளந்து பார்க்கும் உண்மையாகக் கொள்ளமுடியாது என்றாலும், நம் அறவுணர்வை வெளியே எடுத்துப் பேசுவதற்கு அது பயன்படும் என்பதே அவர்கள் வந்துசேர்ந்த இடம். இதுவே நியாயமான மதிப்பீடாகத் தோன்றுகிறது.

எதற்காக ஆக்குவது

2003 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இம்மீன்கள் உணவாகப் பயன்படுவதில்லை, சாதாரண மீனைவிடச் சுற்றுச்சூழலுக்கு அதிக ஆபத்து என்பதற்குச் சான்றும் இல்லை என்று கூறி ஒதுங்கிக்கொண்டது. அதே மாதத்தில் கலிபோர்னியாவின் மீன்வள ஆணையம் விற்பனையை அனுமதிக்க மறுத்தது. ஆபத்து குறைவு என்று அறிவியலாளர்கள் சொல்லியும், அற்ப நோக்கத்துக்காக மரபணுவைத் தொடக்கூடாது என்ற மதிப்பீடு அங்கே வெளிப்படையாகவே பேசப்பட்டது. 2015-இல்தான் அந்த மாநிலக் கடைகளுக்கு இம்மீன்கள் வந்தன.

நோக்கத்தைப் பற்றிய இந்த வாதம் தமிழ் வாசகருக்கு அந்நியமானதல்ல. ஆனால் நம் அறநூல் மரபு இதற்கு நேரான விடையைத் தரவில்லை. திருக்குறளின் புலால் மறுத்தல், இன்னா செய்யாமை, கொல்லாமை அதிகாரங்கள் உண்பதையும் வருத்துவதையும் கொல்வதையும் பேசுகின்றன. வள்ளலாரின் சீவகாருண்யம் பசித்த உயிரின் துயரத்திலிருந்து தொடங்குகிறது. உயிரை அழிப்பதைப் பற்றி இவ்வளவு கூர்மையாகப் பேசிய மரபு, உயிரை நம் விருப்பப்படி ஆக்குவதைப் பற்றிப் பேசவேண்டிய நிலைமையைச் சந்தித்ததே இல்லை. அருளை அடிப்படையாகக் கொண்டால், ஆக்குவதற்கும் பொறுப்பு உண்டு என்று நீட்டிப் படிக்கலாம். அது நாம் செய்யும் விரிவாக்கம் என்பதை மறக்கக்கூடாது.

நோக்கத்தோடு சேர்ந்து வருவது உடைமை. 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சக்கரபர்த்தி வழக்கில் நுண்ணுயிருக்குக் காப்புரிமை தந்தது. 1988-இல் ஹார்வர்டின் எலிக்கும் கிடைத்தது. குளோஃபிஷ் வாங்குபவர் அதை வேண்டுமென்றே இனப்பெருக்கம் செய்யவோ குஞ்சுகளை விற்கவோ கூடாது என்று நிறுவனம் அறிவிக்கிறது. தோட்டத்து லயத்தில் கப்பி மீன் குட்டி போட்டால் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு போத்தலில் ஊற்றிக் கொடுத்த வழக்கத்தை நினைத்தால், வளர்ப்பவருக்கும் மீனுக்கும் இடையிலான உறவு எவ்வளவு மாறிவிட்டது என்பது புரியும். உயிரியல் விவாதத்தில் இது ஓரத்தில் நின்றாலும், எனக்கு இது ஓரப் பிரச்சினையாகப் படவில்லை. தன் இனத்தைப் பெருக்குவது உரிமை மீறலாகிவிடும் ஓர் உயிரைச் செல்லப்பிராணி என்று அழைப்பது கடினம்.

ஓடைக்குள் போனால்

மிக அதிகமாக ஆராயப்பட்டதும், ஊருக்கு ஊர் விடை மாறுவதும் சுற்றுச்சூழல் கேள்விதான்.

பர்டியூ பல்கலைக்கழகத்தின் வில்லியம் மியூரும் ரிச்சர்ட் ஹாவர்டும் 1999-இல் ஓர் அச்சமூட்டும் கணக்கை வெளியிட்டார்கள். வளர்ச்சி இயக்குநீர் மரபணு ஏற்றிய மெடாக்கா மீன்கள் பருத்திருப்பதால் துணை தேடுவதில் முந்தும். ஆனால் அவற்றின் குஞ்சுகள் குறைவாகவே பிழைக்கும். 60,000 மீன்கள் உள்ள கூட்டத்தில் இப்படிப்பட்ட 60 மீன்கள் புகுந்தால், சுமார் 40 தலைமுறைக்குள் அந்தக் கூட்டமே அழியலாம் என்று அவர்களின் மாதிரி காட்டியது. டிரோஜன் மரபணு என்று இதற்குப் பெயரிட்டார்கள்.

அதே இருவர் பங்கேற்ற குழு 2015-இல் சிவப்பு ஒளிரும் வரிக்குதிரை மீன்களை வைத்துச் சோதித்தபோது விடை தலைகீழானது. பெண் மீன்கள் ஒளிரும் ஆணை வெறுக்கவில்லை. ஆனால் காட்டு வகை ஆண்கள் முரட்டுத்தனமாகத் துரத்தி இனப்பெருக்கத்தைக் கைப்பற்றின. 15 தலைமுறைகளில் ஏறத்தாழ எல்லாத் தொட்டிகளிலும் ஒளிரும் மரபணு மறைந்துபோனது. அதற்கு முன்பே புளோரிடாவில் ஜெப்ரி ஹில் குழு, சிவப்பு மீன்கள் இரைகொல்லிகளிடம் சுமார் இரு மடங்கு அதிகமாகச் சிக்குகின்றன என்று கண்டிருந்தது. அமெரிக்காவில் சாதாரண வரிக்குதிரை மீன் பல பத்தாண்டுகளாக விற்கப்பட்டும் அங்குள்ள குளிரில் பரவவில்லை. இந்த மூன்றையும் சேர்த்து, ஒளிரும் மீனால் இயற்கைக்கு ஆபத்து இல்லை என்ற கருத்து ஓரளவு நிலைபெற்றது.

பிரேசில் அந்த நிம்மதியைக் குலைத்தது. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில், அந்நாட்டின் மிகப்பெரிய அலங்கார மீன் பண்ணைகள் உள்ள மூரியாயே பகுதி ஓடைகளில் சிவப்பும் பச்சையுமான ஒளிரும் வரிக்குதிரை மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. பண்ணைகளிலிருந்து தப்பியவை அவை. 2017-இல் ஐந்து ஓடைகளில் சேகரித்து, 2022-இல் வெளியான ஆய்வு, அவை ஆண்டு முழுதும் முட்டையிடுவதையும், மழைக்காலத்தில் அது கூடுவதையும், உள்ளூர்ப் பூச்சிகளைத் தின்று வாழ்வதையும் பதிவுசெய்தது. பிரேசில் 2017-இலேயே விற்பனையைத் தடைசெய்திருந்தது.

ஆய்வகமும் ஓடையும் ஏன் முரண்பட்டன என்பதைப் பார்த்தால் முரண்பாடே இல்லை என்று தெரியும். பர்டியூ தொட்டிகளில் ஒளிரும் ஆணைத் துரத்தக் காட்டு வகை வரிக்குதிரை மீன் இருந்தது. பிரேசில் ஓடையில் அந்த இனம் இயற்கையாக இல்லவே இல்லை, போட்டிக்கு ஆளில்லை. தலையோடைகளில் பெரிய இரைகொல்லிகளும் குறைவு. குளிரும் இல்லை.

இந்த இடத்தில்தான் ஊர் முக்கியமாகிறது. வரிக்குதிரை மீனின் தாயகம் இந்தியத் துணைக்கண்டம். பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் அதை விவரித்தார். இந்திய ஓடைகளில் ஒளிரும் மீன் புகுந்தால், காட்டு உறவினர்களோடு கலப்பு நடக்கலாம். பர்டியூ விடை பொருந்தினால் காலப்போக்கில் அது மங்கவும் கூடும். தீபகற்ப மலேசியா அந்த மீனின் இயற்கை எல்லைக்கு வெளியே உள்ளது. செனாவாங் சுற்றுவட்டாரத்து நீர் லிங்கி ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது; அந்த ஆறு சிரம்பானைக் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. அந்தச் சிற்றோடைகள் ஆண்டு முழுதும் வெதுவெதுப்பானவை. செம்பனைத் தோட்டங்களுக்கும் தாமான் சாக்கடைகளுக்கும் நடுவே ஓடும் அவற்றில் பெரிய வேட்டை மீன்கள் எல்லா இடத்திலும் இருக்குமென எதிர்பார்க்க முடியாது. இந்தக் கூறுகளைப் பார்த்தால், நெகிரி செம்பிலான் அமெரிக்கத் தொட்டியைவிடப் பிரேசில் ஓடைக்கே நெருக்கமாகத் தெரிகிறது. அமெரிக்கச் சான்றை அப்படியே இங்கே இறக்குமதி செய்வது பிழையாகும் என்று கருதுகிறேன். புலிப் பார்ப்பும் சண்டை மீனும் இன்னும் கவனம் கேட்பவை. அவற்றின் நெருங்கிய உறவினங்கள் தென்கிழக்காசிய நீரிலேயே வாழ்கின்றன.

இது வெறும் ஊகமாக நிற்காததற்குக் காரணம் நம் அனுபவம். தொட்டியைச் சுத்தம்செய்ய வாங்கி, அடி கணக்கில் வளர்ந்ததும் ஆற்றில் விடப்பட்ட இக்கான் பண்டாராயா, லங்காட் ஆற்றில் இன்று தன்னார்வலர்கள் வலைபோட்டு அகற்றும் அளவுக்குப் பெருகிவிட்டது. பழைய ஈயக்குட்டைகளில் தென்னமெரிக்காவின் பீகாக் பாஸ் குடியேறிவிட்டது. லுவோஹானும் ஆறுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. இவற்றில் எதிலும் செருகப்பட்ட மரபணு இல்லை. பெரும்பாலும் யாரும் கெட்ட எண்ணத்தோடும் விட்டதில்லை. கொல்ல மனம் வராமல், தண்ணீரில் பிழைத்துப் போகட்டும் என்று விட்டவர்களே அதிகம் இருக்கக்கூடும். ஒரு மீனிடம் காட்டிய இரக்கம், ஓடையிலுள்ள நூறு மீன்களின் இடத்தைப் பறித்துவிடுகிறது. தனி உயிரை மையமாக வைக்கும் அறத்துக்கும் நீர்நிலையை மையமாக வைக்கும் அறத்துக்கும் உள்ள மோதல் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரிவதில்லை.

சட்டம் விட்டுவைத்த கதவு

மலேசியாவின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டு, 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மரபணு மாற்றிய உயிர்களை இறக்குமதி செய்யவும் வெளியில் விடவும் தேசிய உயிரியல் பாதுகாப்பு வாரியத்தின் அனுமதி வேண்டும். ஒரு மூட்டை சோளத்துக்குள்ள கட்டுப்பாடு ஒரு பை ஒளிரும் மீனுக்கும் உண்டு. சப்பானில் இத்தகைய சட்டம் வெறும் காகிதமல்ல என்பது 2023 மார்ச்சில் தெரிந்தது: பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து வெளியேறிய சிவப்பு மெடாக்கா மீன்களை வளர்த்து விற்றதற்காக ஐந்து பேர் கைதானார்கள்.

மலேசியச் சட்டத்தில் கவனிக்கவேண்டியது 35-ஆம் பிரிவு. முடிவெடுக்கும்போது சமூகங்களின் வாழ்வாதாரத்தையும், சமய, பண்பாட்டு, அற விழுமியங்களின் மீதான தாக்கத்தையும் கருத்தில் கொள்ளலாம் என்று அது கூறுகிறது. கலிபோர்னியா ஆணையத்தில் பேசப்பட்டதை நம் சட்டம் எழுத்திலேயே அனுமதித்துள்ளது. அதே வாரியம் மரபணு மாற்றிய கார்னேஷன் பூக்களின் இறக்குமதிக்கு அனுமதி தந்திருக்கிறது. எனவே, அலங்காரம் என்ற நோக்கம் மட்டுமே இங்கே தடையாகக் கருதப்படவில்லை. வெட்டிய பூ ஓடையில் குஞ்சு பொரிப்பதில்லை, வலியும் அறியாது என்பதால், அந்த முன்மாதிரியை மீன் வரை நீட்டலாமா என்பது தனியே வாதிடவேண்டிய ஒன்று.

2010 டிசம்பரில் பகாங்கின் பெந்தோங்கில் சுமார் 6,000 மரபணு மாற்றிய ஆண் ஏடிஸ் கொசுக்கள் சோதனைக்காக விடப்பட்டன. செய்தி அடுத்த மாதம்தான் பரவலாக வெளிவந்தது. டெங்கியைக் குறைக்கும் நோக்கத்தை மதித்தவர்கள்கூட, மக்களிடம் போதிய அளவு கலந்து பேசவில்லை என்று குறைகூறினார்கள். டெங்கி என்ற கனமான காரணம் இருந்தபோதே கலந்துபேசல் இவ்வளவு சர்ச்சையானது. வரவேற்பறை நிறத்துக்காக ஒரு விண்ணப்பம் வந்தால், 35-ஆம் பிரிவு சொல்லும் சமூகங்களின் குரலாக யார் பேசுவார்கள்?

இன்னும் திறந்திருப்பவை

தற்போதுள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால், ஒளிர்வு மீனை வதைக்கிறது என்ற குற்றச்சாட்டு வலுவாக நிற்கவில்லை. மரபணுவைத் தொடுவதே தவறு என்ற வாதம், தங்கமீனையும் லுவோஹானையும் ஏற்றுக்கொண்டவர்களிடமிருந்து வரும்போது இன்னும் விளக்கம் தேவைப்படுவது. இவை இரண்டும் பெறும் கவனத்தோடு ஒப்பிட்டால், உடைமையைப் பற்றியும் விடுவிப்பைப் பற்றியும் நடந்த ஆய்வு குறைவு. வெப்பமண்டல ஓடைகளைப் பொறுத்தவரை, ஆபத்து இல்லை என்று சொல்பவரே சான்று காட்டவேண்டும் என்பது என் முடிவு. பிரேசிலுக்குப் பிறகு அந்தச் சுமையை மறுபக்கம் தள்ளமுடியாது.

தீராதவற்றுள் முதலாவது அளவு. ஓடையில் பிழைத்திருப்பதும் ஓடைக்குக் கேடு செய்வதும் ஒன்றல்ல. பிரேசில் ஆய்வு முதலாவதை நிறுவியது, இரண்டாவதை எச்சரிக்கையாக மட்டுமே வைத்தது. அடுத்தது மலட்டுத்தன்மை. குஞ்சு பொரிக்காத மீன்களாக விற்றால் சூழல் வாதம் தளரும். ஆனால் மலடாக்கும் முறைகள் ஒவ்வொரு மீனிலும் தவறாமல் பலிப்பதில்லை. பலித்தாலும், இனம் பெருக்கமுடியாத உயிரை அழகுக்காக ஆக்குவது நலன் வாதத்தையும் முழுமை வாதத்தையும் மீண்டும் எழுப்பிவிடும். முதலில் சொன்ன அளவுக் கேள்வியில் நெகிரி செம்பிலானுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஜெலபுவின் கிளாமி லெமியில் நன்னீர் மீன்வள ஆய்வு மையம் இயங்குகிறது. லிங்கி படுகையின் சிற்றோடைகளில் இன்று எந்தெந்த வளர்ப்பு மீன்கள் குடியேறியுள்ளன, எந்த வேட்டை மீன்கள் எஞ்சியுள்ளன என்ற கணக்கு கையில் இருந்தால், ஒளிரும் மீனுக்கான விண்ணப்பம் வரும் நாளில் வாரியம் பர்டியூவையோ புளோரிடாவையோ பார்த்து முடிவெடுக்கவேண்டியிருக்காது.